ஒரு மூடி சமத்து

மூன்றாவது தடவையும் தட்டைக் கீழே போட்டாள்.

குழந்தை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து, சுற்றி, ஆடி அடங்கியது. அடுத்த அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான். அதற்கப்புறம்தான் குழந்தை மெதுவாகத் தலையைத் திருப்பியது. தட்டைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

"காது கேக்குதுங்க," என்றாள். காது கேட்கவில்லை என்றால் அதற்கென்று ஒரு டாக்டர் இருப்பார். காதும் கேட்டு, கண்ணும் தெரிந்து, குழந்தை மட்டும் உள்ளே எங்கேயோ தொலைந்து போயிருந்தால் யாரிடம் போய்க் காட்டுவது?

"கேக்குது இல்ல, அப்புறம் என்ன? காலங்காத்தால தட்டைப் போட்டு உடைச்சிக்கிட்டு."

"ரெண்டு வயசு மூணு மாசம் ஆச்சு. இன்னும் அம்மானு ஒரு வார்த்தை வரல."

"பொம்பளப் புள்ள பேசலியேன்னு கவலைப்படற மொத ஆளு நீதான்," என்று சிரித்தான். மோசமானவன் இல்லை, சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அவனுக்குத் தெரிந்த வேடிக்கை அவ்வளவுதான்.

அந்தத் தெருவில் குழந்தைக்குப் பெயரே சமத்து என்றாகிவிட்டது. அழாது, அடம் பிடிக்காது, எதையும் இழுக்காது, கேட்காது. "எங்க வெச்சாலும் அங்கயே இருக்கும்" என்று பெண்கள் மெச்சிக்கொள்வார்கள். குடையைப் பற்றியும் அதையே சொல்லலாம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. குழந்தை என்றால் தொந்தரவு, தொந்தரவு இல்லாவிட்டால் நல்ல குழந்தை, அதிலும் பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதுதான் நம் ஊர் உலகத்தின் வளர்ப்புச் சாத்திரம்.

அவளைப் பயமுறுத்தியது மாடிவீட்டுப் பையன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன்தான் தெருவின் சமத்து. இப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. இரண்டு விஷயம் சேர்ந்தாற்போல் சொன்னால் ஒன்று நழுவிவிடும். நேற்று கடை வாசலில் என்ன வாங்க வந்தோம் என்று தெரியாமல், உதட்டை மட்டும் அசைத்தபடி நின்றிருந்தான். "மண்டு, மண்டு" என்று சிரித்தார்கள். இரண்டு வயதில் சமத்து என்று கொஞ்சிய அதே வாய்கள்தான். அந்த முகத்தில் இருந்த மந்தத்தை எங்கே பார்த்திருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே வந்தவளுக்கு, வீட்டுக்குள் நுழைந்ததும் விடை கிடைத்தது. அது பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் வேலை சட்டைக் கம்பெனியில். சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். நாள் முழுக்க அதை மட்டுமே அடிப்பதால் கம்பெனியில் அவளைக் காஜாக்காரி என்பார்கள். காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறு மணி. அதுவரை குழந்தை கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கும். அந்த அக்கா ஒரே அறையில் ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். மாடிவீட்டுப் பையனும் அங்கே வளர்ந்தவன்தான்.

அன்று காஜா மிஷினின் மோட்டார் புகைந்துபோய், பதினோரு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கீழ்வீட்டுக் கதவைத் தள்ளினாள். ஆறு குழந்தைகளும் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடப் புரளவில்லை. அவர்களுக்கு நடுவில் அக்காவின் சொந்த மகன், காஜாக்காரியின் மகள் பிறந்த அதே மாதத்தில் பிறந்தவன், உட்கார்ந்து ஒரு டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும், "அத்த வந்தாச்சு. பாப்பா தூங்குது. சத்தம் போடாத," என்றான்.

மூன்று முழு வாக்கியம்.

ஜன்னலில் ஒரு மருந்துப் புட்டி இருந்தது. மூடி பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது.

"சளி மருந்துதான்," என்றாள் அக்கா, கேட்பதற்கு முன்பே. "எல்லா எடத்துலயும் குடுக்கறதுதான். காலைல ஒரு மூடி, மத்தியானம் ஒரு மூடி."

"எம் புள்ளைக்குச் சளி இல்லியேக்கா."

அக்கா புட்டியை எடுத்து மூடியை இறுக்கித் திருகினாள்.

"உங்க பையனுக்கும் குடுக்கறீங்களா?"

அக்கா தன் மகனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்திலும் பயம்தான் இருந்தது. "ஆறும் முழிச்சிக்கிட்டா நான் ஒருத்தி என்னம்மா பண்ணுவேன்? ஒண்ணு அடுப்புகிட்டப் போகும், ஒண்ணு தெருவுக்கு ஓடும். உங்க புள்ளைங்களைச் சேதாரம் இல்லாம ஒப்படைக்கறேனா இல்லியா? இது வேணாம்னா நாளைலருந்து வேற எடம் பாத்துக்க."

வேறு இடம் எங்கே இருக்கிறது? அன்று ராத்திரி அவளும் கணவனும் பேசிப் பார்த்தார்கள். அவன் இந்தத் தடவை சிரிக்கவில்லை, ஆனால் வழியும் சொல்லவில்லை. மறுநாள் காலை, தெரிந்தே, கண் திறந்தே, குழந்தையை அதே பாயில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் மேலேயே குமட்டும்.

கம்பெனியில் இடம் இல்லாமல் இல்லை. இத்தனை பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, கம்பெனியும் சட்டத்தை மதிக்கிறது. வாத்து, யானை எல்லாம் வரைந்த சுவர், உறை பிரிக்காத பொம்மைகள், சின்னச் சின்ன நாற்காலிகள், கதவில் ஒரு நல்ல பூட்டு. வருஷத்துக்கு ஒரு முறை, சட்டை வாங்கும் பெரிய கடைகளின் அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் அது திறக்கும்.

அந்த நாள் வியாழக்கிழமை வந்தது. முந்தின நாளே சூப்பர்வைசர் மேடம் மிஷின் வரிசைகளில் லைன் லைனாக வந்து சொல்லிவிட்டுப் போனாள்: "மூணு வயசுக்குக் கீழ இருக்கறதை எல்லாம் நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. குளிப்பாட்டி, தலை சீவி. யாராச்சும் கேட்டா தினமும் வருதுன்னு சொல்லணும். மாத்திச் சொன்னவ மறுநாள் கேட்டுக்குள்ள கால் வைக்க முடியாது."

ராத்திரி அவள் கண் மூடவில்லை. காலையில் எதுவும் இறங்கவில்லை. வெறும் வயிற்றோடு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால், அந்த அறை வாசலில் மேடம் நிற்கிறாள். கையில் அதே புட்டி.

"ரெண்டு ரெண்டு மூடி குடுத்துடுங்க. இன்னைக்கு ஒரு சத்தம் வரக் கூடாது."

முன்னால் நின்ற பெண்கள் வாங்கி வாங்கிப் புகட்டினார்கள். அவள் முறை வந்தது. மூடியை வாங்கியதில் விரலெல்லாம் ஒட்டியது. கொட்டலாம் என்றால் பளபளவென்று துடைத்த தரை. மேடம் அடுத்தவளுடைய பெயரைப் பட்டியலில் தேடிய அந்த நொடியில், குழந்தையின் தலையைத் தோளில் சாய்த்து மறைத்துக்கொண்டு தானே குடித்தாள். "இன்னொண்ணு," என்றாள் மேடம் நிமிராமல். அதையும் குடித்தாள்.

பத்தரை மணிக்கு அது வேலையைக் காட்டியது. முதலில் கழுத்து கனத்தது. பிறகு மிஷின் சத்தம் தலையணைக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல் ஆனது. துணி ஊசியடியில் போய்க்கொண்டே இருக்கிறது, விரலும் கூடவே போகிறது, அதை நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது, நிறுத்து என்கிற செய்தி கைக்குப் போய்ச் சேரவில்லை. நூலிழையில் விரல் தப்பியது. யாரோ "காஜா, ஏ காஜா" என்று கூப்பிட்டார்கள். கேட்டது. நன்றாகவே கேட்டது. திரும்ப வேண்டும் என்று நினைத்தாள், தலை திரும்பவில்லை. வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. பக்கத்து மிஷின்காரி தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இங்கேதான் இருந்திருக்கிறாள் மகள். ஒன்றரை வருஷமாக, தினமும் இரண்டு மூடி, இந்த இருட்டுக்குள். பேசக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதை முழுக்க இதற்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பூட்டியவர்களில் தானும் ஒருத்தி. அழுகை வந்தது, அதுகூட மெதுவாகத்தான் வந்தது.

அதிகாரி வந்துவிட்டார் என்று மேடம்தான் அவளைக் குழந்தைகள் அறைக்குக் கூப்பிட ஆள் அனுப்பியிருந்தாள்; தள்ளாடி எழுந்து போனாள். அறையில் ஐந்து குழந்தைகள் அசையாமல் தூங்கின. விழித்திருந்தது அவள் மகள் மட்டும். ஒரு நாளைக்கென்று கூட்டி வந்திருந்த டீச்சர், சின்னப் பெண், தரையில் மண்டி போட்டு ஒரு சிவப்புப் பந்தைக் கோப்பைக்கு அடியில் ஒளித்துவிட்டு, "எங்க போச்சு? பந்து எங்க போச்சு?" என்று கேட்டுக் காத்திருந்தாள். குழந்தை கோப்பையைப் பார்த்தது. வெகுநேரம் கழித்துக் கையை நீட்டி அதைத் தள்ளியது. பந்து உருண்டதும் அதன் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம். அம்மாவே அதை அதற்குமுன் கேட்டதில்லை.

அதிகாரி தூங்கும் குழந்தைகளைக் கனிவோடு பார்த்து, 'மிகவும் அமைதியான சூழல், சிறந்த பராமரிப்பு' என்று எழுதிக்கொண்டார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"உங்க பாப்பாவா? தினமும் இங்க வருதாம்மா?"

மேடம் பார்த்தாள், மேனேஜர் பார்த்தார். உண்மை நாக்கு நுனியில் இருந்தது. வேலை போனால் வாடகை போகும், வீடு போகும், மிச்சம் அதே கீழ்வீட்டுப் பாய். நாக்கு ஏற்கெனவே தடித்திருந்தது.

"தினமும்," என்றாள்.

"இதுல கையெழுத்துப் போடுங்க," என்று அதை எழுதி நீட்டினார். போட்டாள். "இனிமே நாங்க தேதி சொல்லிட்டு வர மாட்டோம். எப்ப வேணா வருவோம்," என்று மேனேஜரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் குழந்தையைத் தூக்கப் போனபோது டீச்சர் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி, "ஏதோ குடுத்துத் தூங்க வெச்சிருக்காங்க இல்லக்கா? உங்களுது மட்டும் தப்பிச்சிருக்கு," என்றாள்.

"இது பேசுமா?"

"பேசும்னுதான் தோணுது. முழிச்சிருக்கணும், யாராவது கூடப் பேசணும், கேட்டுட்டு அது பதில் சொல்ற வரைக்கும் பொறுக்கணும். மூணு வயசுக்குள்ள கெடைக்கறதை வெச்சுத்தான் பின்னாடி பள்ளிக்கூடமே ஓடும்."

"இன்னும் நேரம் இருக்கா?"

"இருக்கு," என்ற டீச்சர் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நெறைய இல்ல."

"நாளைக்கு வருவீங்களா?"

"இன்னைக்கு ஒரு நாள்தான்னு சொல்லியிருக்காங்க."

மறுநாள் காலை அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி கீழ்வீட்டுக் கதவைத் தாண்டிப் போனாள். கம்பெனி கேட்டில் காவலாளி வழி மறித்தான். "இன்னைக்குப் புள்ளைங்க கெடையாதும்மா." அவள் நகரவில்லை. மேடம் வந்தாள்.

"உனக்கு என்ன பைத்தியமா? நேத்தோட முடிஞ்சுபோச்சு."

"தினமும்னு எழுதியிருக்கு மேடம். என் கையெழுத்து இருக்கு." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அவங்க எப்ப வேணா வருவாங்க இல்ல? வந்து எம் புள்ள எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சொன்னேன்."

பயம் என்பது அந்தக் கம்பெனியில் மேலிருந்து கீழே மட்டும் வரும். அன்றைக்குத்தான் அது ஒரு படி மேலே ஏறியது. மேனேஜரிடம் போய்த் திரும்பிய மேடத்தின் கையில் அந்த அறையின் சாவி இருந்தது.

"டீச்சர் கெடையாது."

"நேத்து வந்தவங்களுக்குப் போன் போடுங்க மேடம். வர்ற வரைக்கும் நீங்க வெச்சிருங்க," என்று குழந்தையை மேடத்தின் கையில் கொடுத்தாள். "மருந்து மட்டும் வேணாம். சாயங்காலம் வாயை மோந்து பாப்பேன்."

புதுக் கையில் மாறிய குழந்தை, உடம்பில் மருந்து இல்லாத இரண்டாம் நாள் காலையில், வீறிட்டு அழ ஆரம்பித்தது.

"சத்தம் லைன் வரைக்கும் கேக்கும்டீ," என்றாள் மேடம், குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல்.

"கேக்கட்டும் மேடம்."

லைனில் போய் உட்கார்ந்தாள். முதல் காஜா கோணலாக விழுந்தது. நாற்பது மிஷின்களின் இரைச்சலுக்கு மேலே மகளின் அழுகை வந்துகொண்டிருந்தது. பக்கத்து மிஷின்காரிகள் ஒவ்வொருத்தியாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்கள். அவள் தைத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், அது எந்த நொடியில் நின்றுவிடுமோ என்ற பயத்தோடு.