மேனேஜர் சொன்ன வேண்டாம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஊரிலிருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் "வேண்டாம்" என்று சொல்லத் தொடங்கின. அன்றைக்குப் பெட்ரோல் விலையும் ஏறியிருந்ததால் முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாங்க் மெஷினில் கார்டைச் செருகினால் வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கேட்டால் வேண்டாம், பல் டாக்டரின் எக்ஸ்ரே மெஷின்கூட செய்தி வாசிப்பவரின் கனத்த குரலில், மரியாதை குறையாமல், வேண்டாம். பல் டாக்டரிடம் போனவர்கள் மட்டும் சந்தோஷமாக வீடு திரும்பினார்கள்.

அந்தக் குரல் யாருடையது என்று சிறப்புப் பள்ளி டீச்சருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருடைய வகுப்பில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பேச்சு வராது, கைகளும் அவள் சொல் கேட்காது. சக்கர நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருப்பதால் பள்ளி ஆயா அவளுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக மினுங்கும். கன்னத்தருகே உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால், அப்போது மினுங்கும் படத்தின் பெயரைக் கம்ப்யூட்டர் அதே செய்தி வாசிப்பவர் குரலில் அவளுக்காகச் சொல்லும். டீச்சர் பார்த்துப் பார்த்து வைத்த படங்கள்: தண்ணீர், பாத்ரூம், வணக்கம், சரி, நன்றி. நல்ல பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன தேவை? ஆயா வேகவைத்த கேரட்டை ஊட்டும்போது மேனேஜர் முகத்தைத் திருப்புவாள், கன்னம் பொத்தானில் படும், "நன்றி" என்று வரும். பிள்ளைக்குக் கேரட் என்றால் உயிர் என்று ஆயா இரண்டு வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் வந்த பிறகு எல்லோரும் அவள் முகத்தை விட்டுவிட்டுத் திரையைத்தான் பார்த்தார்கள். பாவம், பெற்றவர்களும் அப்படித்தான்.

முந்தின நாள், திங்கட்கிழமை, இரண்டு காரியங்கள் நடந்தன. வகுப்புக்கு இன்டர்நெட் வந்தது. லாரி ஓட்டும் அப்பா வந்து, அவளைத் தூக்கித் தூக்கி அம்மாவுக்கு முதுகு போய்விட்டது என்றும், வெளியூரில் நல்ல ஹாஸ்டல் இருக்கிறது என்றும் சொல்லி, "சேர்ந்துக்கிறியா கண்ணு?" என்று கேட்டார். மேனேஜர் முகத்தைத் திருப்பினாள். கம்ப்யூட்டர் "சரி" என்றது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஹாஸ்டலில் இடம் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஊர் முழுக்க அந்தக் குரலைக் கேட்டதும் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, வேண்டாம்னு சொல்ல ஒரு படமே வைக்கலையே நான்!" அவசர அவசரமாக, வேண்டாம் என்று மறுக்கும் ஒரு கையை வரைந்து திரையில் ஏற்றினார், அது பார்க்கக் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்த பெற்றவர்களை போன் போட்டு வரவழைத்தார்.

அப்பா மறுபடியும் கேட்டார். தண்ணீர் மினுங்கிப் போனது. சரி மினுங்கியது. மேனேஜர் அசையவில்லை. கத்தரிக்காய் மினுங்கியதும் கன்னத்தால் ஓங்கி இடித்தாள்.

"வேண்டாம்."

அந்த நொடியில் ஊரின் மெஷின்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "சரிம்மா, நீ எங்கயும் போக வேணாம், தூக்குறதுக்கு நான் ஏதாவது வழி பண்றேன்" என்றார் அப்பா. வாசலில் நின்ற ஆயா மெதுவாக, "அப்போ கேரட்டு?" என்றாள்.

"வேண்டாம்."

ஆயாவுக்கு ஒரு வாரம் முகம் சரியில்லை. அப்பா வெளியூர் லோடை விட்டுவிட்டு உள்ளூரிலேயே ஓட்ட ஆரம்பித்தார். மேனேஜர் வளர்ந்து, அதே பள்ளியில் புதுப் பிள்ளைகளின் திரைக்குப் படம் தேர்ந்தெடுக்கும் வேலையில் சேர்ந்தாள். முதல் படம் எப்போதும் கத்தரிக்காய்தான். இன்றைக்கும் எப்போதாவது பாங்க் மெஷின் வேண்டாம் என்று சொல்வதுண்டு. வரிசையில் நிற்பவர்கள் கோபப்படுவதில்லை. "அவளைக் கேக்காம எவனோ ஏதோ முடிவு பண்ணிட்டான். யாராச்சும் போய்க் கேட்டுட்டு வாங்கப்பா" என்பார்கள். ஒருவர் போய்க் கேட்டுவிட்டு வருவார், பணம் வரும்.