பாதி தேய்த்த ஜன்னல்

ஆர்டித்தின் குழந்தைப் பருவம் மூவாயிரத்து இருநூறு டாலருக்குத் திரும்பி வந்தது. அப்பா விற்றுத் தலைமுழுகிய அதே 1957-ஆம் வருட மாடல் டிரெய்லர், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் அந்தச் சுற்றுலா வீடு, ஐம்பத்தைந்து வருடம் கழித்து ஒஹையோவில் ஒரு சோளக்காட்டு ஓரம் கோழிக்கூண்டாகக் கிடந்தது. பேரமே பேசாமல் வாங்கினாள். "ஜன்னல் ஒழுகுது, சரி பண்ணுங்க" என்ற ஒற்றை வார்த்தையோடு, இந்தியானாவில் மெர்ல் டாபின்ஸின் பட்டறையில் விட்டுப் போனாள்.

மெர்லுக்கு அலுமினியச் சட்டம் கிடைத்தால் சாப்பாடே வேண்டாம். ஐந்து ஜன்னலையும் கழற்றி, கல்லாய் இறுகிய பழைய அடைப்புப் பசையைச் சுரண்டி, உப்புத்தாளை சொரசொரப்பான நானூறு நம்பரிலிருந்து நைசான இரண்டாயிரம் வரை மாற்றி மாற்றித் தேய்த்தார். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். படுக்கையோரத்து ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் மட்டும் பாதியை நீல டேப்பால் மூடி, தொடாமல் விட்டார். அது அவருடைய வியாபார வித்தை. வந்தவர் கண்ணெதிரே டேப்பை உரித்து, அழுக்கையும் பளபளப்பையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டிவிட்டால், பிறகு பில்லைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

"ஆரம்பிச்சாச்சா உங்க மேஜிக் ஷோ?" மனைவி வான்டா காபியோடு வந்தாள். "பேசாம டிக்கெட் போட்டு வித்துடுங்க."

"நீ வேணா பாரு, அந்தம்மா அசந்து போயிடும்."

வண்டியை எடுக்க வந்த ஆர்டித் அசந்துதான் போனாள். படுக்கையோரத்து ஜன்னல் முன் மண்டியிட்டவள் எழுந்திருக்கவே இல்லை.

"இங்க கோடு இருந்துச்சே. எங்க?"

"என்ன கோடு மேடம்?"

"எங்க அண்ணன் டெட்டி. ஒவ்வொரு ஏரிக்கரையில வண்டிய நிறுத்தும்போதும் பேனாக்கத்தியால ஒரு கோடு கீறுவான். மொத்தம் இருபத்து மூணு. அடுத்ததக் கீற வியட்நாம்லேருந்து அவன் வரல."

'எந்தக் கிறுக்கன் வேலை இது' என்று திட்டிக்கொண்டே, அந்தக் கீறல்கள்மேல் நானூறு நம்பரை இரண்டு தடவை கூடுதலாக அழுத்தித் தேய்த்தது மெர்லின் விரல்களுக்கு நன்றாகவே நினைவிருந்தது.

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மேடம்?"

"ஒழுகறதத்தானே சரி பண்ணச் சொன்னேன்! உங்கள யாரு மினுக்கச் சொன்னா?"

வான்டாதான் முதலில் சுதாரித்தாள். "மரமா நிக்காதீங்க. அந்த டேப்ப உரிங்க!"

மெர்ல் டேப்பை நுனியிலிருந்து மெல்ல உரித்தார். அடியில் மங்கிய சாம்பல் நிறம். அதில் கோணல்மாணலாகச் சில கோடுகள். கடைசிக் கோடு டேப்பின் ஓரத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. ஆர்டித் நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினாள்.

"ஒம்போது."

"இத இப்படியே..." என்று மெர்ல் வாயெடுத்தார்.

"தொட்டீங்க, கைய ஒடச்சிருவேன்."

மெர்ல் சட்டைப் பையிலிருந்த பில்லை எடுத்தார். டாலர் தொகையைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே எழுதி அவளிடம் நீட்டினார்:

இருந்தது 23. தப்பியது 9. மெர்ல் டாபின்ஸ் பாக்கி 14.