சீர்த்தட்டில் மூன்று ஓசிப் பெட்டிகள்

பினாங்குத் தீவில், ஜாலான் டத்தோ கிராமாட் பக்கம் இருந்த அந்த ஃபிளாட்டில், நல்லம்மாள் வீட்டு ஹாலில் உட்கார இடம் கிடையாது. சோபாவில் பெட்டி, நாற்காலியில் பெட்டி, சாமி மேடைக்கு அடியிலும் பெட்டி. அத்தனையும் மகள் பிரமிளாவுக்கு ஓசியில் வந்தவை. பிரமிளா பகலெல்லாம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் கிளார்க். சாயங்காலமானால் ‘பினாங்கு பிரமி’. கைப்பேசியைக் கம்பியில் மாட்டி, வட்ட விளக்கைப் போட்டு, “ஹாய் மக்களே!” என்று அவள் ஆரம்பித்தால் பார்ப்பதற்கென்றே ஐம்பதாயிரம் பேர் இருக்கிறார்களாம். அந்த ஐம்பதாயிரம் பேரை நம்பித்தான் கம்பெனிக்காரர்கள் ஊரில் உள்ள பவுடர், தைலம், சோப்பு எல்லாவற்றையும் ரிப்பன் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் பெட்டியைப் பிரித்து, “அய்யோ, செமலா!” என்று கண்ணை விரித்தால் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. பெட்டியைக் கேமரா முன்னால்தான் பிரிக்க வேண்டும். முதலிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஆச்சரியப்பட்டால் முகத்திலேயே தெரிந்துவிடுமாம். கை அரித்தாலும் நல்லம்மாள் ஒரு பெட்டியைக்கூடத் தொட்டதில்லை. அந்த வீட்டில் அவள் கட்டிக் காத்த ஒரே கட்டுப்பாடு அதுதான்.

வாய்க்குக் கட்டுப்பாடு கிடையாது. அந்த வாயால்தான் மகன் தனேஷ் முப்பத்தாறு வயதிலும் ஒண்டிக்கட்டையாக நின்றான். முதல் பெண் வீட்டில் தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு, “இது டீயா, கிளாஸ் கழுவுன தண்ணியா?” என்று கேட்டாள். இரண்டாவது வீட்டில் பெண்ணின் அப்பாவைப் பார்த்து, “மீசைக்கு மட்டும் மை அடிச்சா போதுமா, தலைக்கு வேணாமா?” என்றாள். மூன்றாவது வீட்டில் என்ன சொன்னாள் என்பதை அவள் கணவர் பக்கிரிசாமி இன்றுவரை வெளியே சொல்வதில்லை.

நான்காவதாக வந்தவள் சந்திரிகா. தரகர் இல்லை, ஜாதகம் இல்லை. மாக் மண்டினில் தனேஷ் வேலை பார்க்கும் பட்டறைக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் அவளுக்குக் கணக்குப் பிரிவில் வேலை. அவள் பெயரைச் சொல்லும்போதே இவனுக்குக் காது சிவந்தது. பரிசம் போட நாள் குறித்ததும், தனேஷ் அம்மாவைச் சாமி மேடை முன்னால் நிறுத்திவிட்டான்.

“மா, இந்தத் தடவையும் நீ கெடுத்தா நான் வேற பொண்ணு பாக்க மாட்டேன். அவ்ளோதான். அங்க போயி மூணே வார்த்தைதான் பேசணும். ‘ஆமா’, ‘சந்தோசம்’, ‘சாப்பிடுங்க’.”

“மூணு போதுமாடா?”

“அதுவே கூட.”

மகன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சீர்த்தட்டு பதினெட்டு தேறியது. பட்டுப்புடவை, பழம், பலகாரம், பூ, வளையல் எல்லாம் சேர்த்துத்தான். ஒற்றைப்படையாக்க இன்னும் ஒன்று வைத்தால் போதும். ஆனால் சுங்கை பாக்காப்பில், சந்திரிகா வீட்டுக்கு எதிர்வீட்டில், போன மாதம் யாரோ இருபத்தொரு தட்டு வைத்தார்களாம். அதைக் கேட்டபின் பத்தொன்பதோடு நிறுத்த நல்லம்மாளால் முடியுமா?

“மா, கிஃப்ட் செட் மூணு இருக்குலா,” என்றாள் பிரமிளா. “புதுசு, சீல்கூடப் பிரிக்கல. இந்த வாரத்துக்குள்ள நான் வீடியோ போட்டாகணும். தட்டுல வெச்சிருவோம். அங்க பொண்ணு வீட்டுக்காரங்க பிரிப்பாங்க, நான் லைவ் போடுறேன். கம்பெனி கேக்குறதே நெஜமான ரியாக்ஷன்தான்.”

பெட்டிகள் பார்க்க ராஜாவீட்டுச் சாமான் மாதிரி இருந்தன. தங்க நிற அட்டை, வெல்வெட் ரிப்பன், மேலே ‘பிரீமியம்’ என்று ஒரே ஒரு வார்த்தை. நல்லம்மாள் தன் கையாலேயே கண்ணாடித்தாள் சுற்றி, மூன்றையும் மூன்று தட்டில் ஏற்றினாள்.

சுங்கை பாக்காப்பில் வரவேற்பு அமோகமாகத்தான் இருந்தது. சீர்த்தட்டுகளைப் பிரித்துச் சபைக்குக் காட்டுகிற வேலை சந்திரிகாவின் பெரியம்மாவுடையது. புடவையின் முந்தானையை விரித்துப் பார்த்தாள், வளையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஆப்பிளைக்கூடத் திருப்பிப் பார்த்தாள். கஸ்டம்ஸ்காரி தோற்றாள் போ, என்று நல்லம்மாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஊரில் எந்த விசேஷம் என்றாலும் அதே வேலையை நல்லம்மாளும்தான் செய்வாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் “ஆமா” என்றாள், “சந்தோசம்” என்றாள். பக்கிரிசாமி பயந்துபோய், “உடம்புக்கு என்னா?” என்று காதில் கேட்டார்.

“ஹாய் மக்களே! எங்கண்ணன் பரிசம்! இப்ப ஸ்பெஷல் தட்டு!” பிரமிளா கைப்பேசியை நீட்டினாள். கேமராவைப் பார்த்ததும் பெரியம்மா கொண்டையைச் சரிசெய்துகொண்டு முதல் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே இருந்ததை எடுத்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

“கோப்பி… கூருஸ்.”

மலாய் தெரியாதவர் அங்கே யார்? உடம்பு இளைக்கிற கோப்பி. சந்திரிகா கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். சபையில் யாரோ கனைத்தார்கள். பிரமிளாவின் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அவள் தடுப்பதற்குள் பெரியம்மா இரண்டாவதைப் பிரித்தாள். ஏழே நாளில் வெள்ளைத்தோல் தரும் கிரீம். டப்பாவின் மேல் பாதி கறுப்பு, பாதி வெளுப்பாக ஒரு பெண்ணின் முகம். பெரியம்மா டப்பாவைத் தூக்கிச் சபைக்குக் காட்டினாள். இனி நிறுத்துவாளா? மூன்றாவதையும் கிழித்தாள். வாய்நாற்றம் போக்கும் ஸ்பிரே.

பெரியம்மா சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அலாமா!” என்று பின்வரிசையில் ஒரு குரல். கைப்பேசித் திரையில் மட்டும் சிரிக்கிற பொம்மைகள் சரம்சரமாக ஏறிக்கொண்டிருந்தன.

பெண்ணின் அப்பா சின்னையா எழுந்தார். அதிர்ந்து பேசாத மனிதர்.

“எம்பொண்ணு கறுப்புன்னு எங்களுக்குத் தெரியும்ங்க. தடிச்ச உடம்புன்னும் தெரியும். அதப் பொட்டியில போட்டு, ரிப்பன் கட்டி, லைவுல ஊருக்கே காட்டணுமா? தட்டெல்லாம் எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க.”

நல்லம்மாள் மகனைப் பார்த்தாள். தனேஷ் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அறை வாசலில் நின்ற சந்திரிகாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு வந்த இடத்திலும் இப்படியா என்று நினைத்தாள். சத்தியமாவது மண்ணாவது!

“சம்பந்தி, நில்லுங்க!” என்று எழுந்தாள். “அது மூணும் எனக்கு வந்ததுலா! எனக்குன்னுதான் எம்மக கேட்டு வாங்குனா. தட்டு கட்டுற அவசரத்துல நாந்தான் மாத்தி வெச்சிட்டேன்.”

பிரமிளா வாய் பிளந்து நின்றாள்.

“நம்பலையா? இந்த இடுப்பப் பாருங்க. வர்ற வழியில வேன்ல எனக்கு மட்டும் ரெண்டு சீட்டு. கோப்பி எனக்கில்லாம யாருக்கு?” பெரியம்மா கையிலிருந்த கிரீமைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டாள். மூக்கு, கன்னம், நெற்றி என்று ஓரிடம் பாக்கியில்லை. கைப்பேசிக்கு நேராகத் திரும்பினாள். “ஐம்பதாயிரம் பேரும் நல்லாப் பாத்துக்குங்க. இதுல ஏழு நாள்ல நான் வெளுத்தா, கம்பெனிக்காரனுக்குக் கோயில் கட்டுறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் சின்னையாவிடம் திரும்பினாள். குரல் இறங்கியது.

“அண்ணே, நான் கல்யாணமாகி வந்தப்போ எம்மாமியா என்னயப் பேரு சொல்லிக் கூப்டதில்ல. ‘அடுப்புக்கரி’ன்னுதான் கூப்டும். சாகுற வரைக்கும் அப்டித்தான். அதுல நான் அழுவாத நாள் இல்ல. நான் போயி அத இன்னொரு வீட்டுப் பொண்ணுக்குத் தட்டுல வெச்சுக் குடுப்பனா?”

மற்றதெல்லாம் புளுகு. அது மட்டும் நிஜம். பக்கிரிசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்த ஸ்பிரேயும் எனக்குத்தான். இந்த வாயாலதான் எம்பையனுக்கு மூணு எடத்துல கல்யாணம் நின்னுபோச்சு. இன்னிக்கி மூணு வார்த்தைக்கு மேல பேசக்கூடாதுன்னு சாமி முன்னால சத்தியம் வாங்கித்தான் என்னயக் கூட்டிக்கிட்டு வந்தான்.”

“ஆமாங்க,” என்றார் பக்கிரிசாமி, அன்றைக்கு முதல்முறையாகச் சத்தமாக. “அது உண்மைதாங்க.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். சின்னையாவுக்கும் மீசை லேசாகத் துடித்தது. பெரியம்மா மட்டும் விடுவதாக இல்லை.

“சரி, அவுங்களுதாவே இருக்கட்டும். தட்டுல ஏத்துனத மாப்பிள்ள வீடு திரும்ப எடுக்கக் கூடாது. அபசகுனம்.”

சந்திரிகா வெளியே வந்தாள். கூட்டத்தைத் தாண்டி நேராக நல்லம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

“அவுங்க எடுக்க வேணாம், பெரியம்மா. நாம குடுக்கலாம்லா?”

மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க எதிர்ச்சீர்த் தட்டுகள் சுவரோரம் தயாராக இருந்தன. சந்திரிகா கோப்பியையும் ஸ்பிரேயையும் எடுத்து, அவற்றில் ஒன்றில் வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். கிரீம் டப்பாவைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டாள். பிறகு ஒரு டிஷ்யூவை எடுத்து, நல்லம்மாள் முகத்திலிருந்த வெள்ளையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“இது மட்டும் உங்களுக்கும் வேணாம், அத்தை. எனக்கும் வேணாம். கோப்பி காலையில ஒரு கப்பு. ஸ்பிரே, வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ. நான் வந்து செக் பண்ணுவேன்.”

சின்னையா உட்கார்ந்துவிட்டார். நல்லம்மாளுக்குக் கண் கரித்தது; கிரீம் பட்டதாலாக இருக்கும். பதிலுக்கு நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, அனுமதிக்கப்பட்டதில் ஒன்றை எடுத்தாள்.

“சந்தோசம்.”

பரிசம் முடிந்து திரும்பும்போது வேன் கடல்மேல் போகும் பினாங்குப் பாலத்தில் ஏறியது. பிரமிளா கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். “மா, கிரீம் கம்பெனி வீடியோவ எடுக்கச் சொல்லுது. கோப்பி கம்பெனி அடுத்த தடவ நீதான் வேணும்னு கேக்குது.” நல்லம்மாள் காதில் வாங்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த தனேஷின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி முன்னால் செய்த சத்தியத்தைச் சபையில் போட்டு உடைத்தாயிற்று. அவன் என்ன சொல்லப்போகிறானோ?

பாதிப் பாலத்தில் அவன் திரும்பினான்.

“மா.”

“என்னாடா?”

“கல்யாணத்தன்னைக்கும் பேசு.”

நல்லம்மாள் மடியில் இருந்த எதிர்ச்சீர்த் தட்டைக் கிளறி ஸ்பிரேயை எடுத்தாள். வாயைத் திறந்து இரண்டு தடவை அடித்துக்கொண்டாள். பினாங்கு வந்து சேரும்வரை வேனுக்குள் புதினா வாசனை அடித்தது.