கிராணி ஐயாவின் ஞாயிற்றுக்கிழமை மௌனம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த சீவரத்தினம் யாழ்ப்பாணத்து மனிதர், சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, தனிக்கட்டை. ஒருநாள் பியூனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அந்த நாக்குக்குத் தண்டனையாக ஞாயிறுதோறும் மௌன விரதம் என்று விதித்துக்கொண்டார். வாய் தவறினால் இராச்சாப்பாடு கிடையாது. பல்லியைப் பார்த்து "ச்சீ" என்றதற்கு ஒருமுறை பட்டினி கிடந்தார். இப்படியொரு கொடுமைக்கார மேலதிகாரி ஆபீசில்கூட அவருக்கு வாய்க்கவில்லை.

சங்கடம் என்னவென்றால், அவரைத் தேடி வருகிற ஒரே ஆள் நாகையா. எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவன். அவனுக்கும் ஞாயிறுதான் லீவு. தோசைப் பொட்டலத்தோடு வருவான். தானே கேட்டு, தானே பதில் சொல்லி, தானே சிரித்துவிட்டுப் போவான்.

"உங்ககிட்டப் பேசுறதுக்கு எஞ்சின்கிட்டப் பேசலாம், கிராணி ஐயா. அதாச்சும் ஊதும்லா!"

சீவரத்தினத்துக்கு வயிறு குலுங்கும். மீசை மட்டும் அசையாது.

அந்த ஞாயிறு நாகையா உட்காரவில்லை.

"ரவாங்குக்கு மாத்திட்டாங்க ஐயா. மத்தியான வண்டி." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "வாரா வாரம் வந்து தொந்தரவு குடுத்திருந்தா மனசுல வச்சுக்காதீங்க. வரேன்."

சீவரத்தினத்தின் நாக்கு, பிரேக் போட்ட சரக்கு வண்டி மாதிரி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அதற்குள் நாகையா வாசல் படலையைத் தாண்டிவிட்டான்.

"நாகையா! நில்லும்!"

அவர் குரல் அவருக்கே யாரோ கூப்பிட்டது போலிருந்தது. நாகையா பதறித் திரும்பினான்.

"ஐயையோ, விரதம்!"

"அது கிடக்கட்டும். என்ன தொந்தரவு? நீர் வந்தால்தான் எனக்கு ஞாயிறு. கோப்பி குடிச்சுப்போட்டுப் போம்."

கோப்பி ஆறிப்போனது. சீவரத்தினம் பேசினார், பேசினார், நாகையாவுக்கு வாய் திறக்க இடமே கொடுக்கவில்லை. வண்டியைப் பிடிக்க அவன் ஓட வேண்டியதாயிற்று.

இரவு, சட்டப்படி பட்டினி கிடக்கத்தான் பாயை விரித்தார். பிறகு யோசித்தார். ஒரு பியூனை எந்த அதிகாரியாவது இப்படிப் பட்டினி போட்டிருந்தால் தானே முதல் ஆளாய் மனு எழுதியிருப்பார். எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டார். விரதத்தை விடவில்லை, யாராவது கதவைத் தட்டும்வரை மட்டும் என்று திருத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு யாரும் தட்டவில்லை. தோசை வாசனை இல்லை. வெயில் ஏறியது. பேச ஆள் இருந்து பேசாமல் இருப்பதற்குத்தான் விரதம் என்று பெயர் போலிருக்கிறது. இதற்கு வேறு பெயர். சுவரில் பல்லி சொல்லிற்று.

"ஓம், சரி," என்றார் சீவரத்தினம்.

குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். "ரவாங் ஒண்டு."

"திரும்பி வரவும் சேர்த்தோ?" என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

"ஓம். ஆனால் கடைசி வண்டியில்தான்."