குதிரை முதுகில் ஒரு கோடு

பெயிண்ட் ஸ்பிரே டப்பாவின் மூக்கு, அந்த நாசில், அடைத்துக்கொண்டால் வேறு மாட்ட வேண்டும். ஊசியால் குத்தக் கூடாது. மிக்ஸியும் மின்விசிறியும் ரிப்பேர் பார்த்தே வயிறு வளர்க்கும் எனக்கு இது தெரியாதா? தெரியும். குத்தினேன். கறுப்புப் பெயிண்ட் பீச்சியடித்து, என் யானையைத் தாண்டிப் பறந்து, பக்கத்திலிருந்த குதிரையின் கழுத்தில் போய் விழுந்தது.

குதிரை டிரைவரக்காவுடையது.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருக்கும் அந்த நீளச் சுவரில் ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பேர் வரைவோம். சட்டதிட்டம் எதுவும் எழுதிவைக்கவில்லை. சுவர் முழுக்கக் கிறுக்குகிற நாங்கள் அதை மட்டும் எங்கேயும் கிறுக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். ஒரு படத்தைவிடப் பிரமாதமாக வரைய முடிந்தால் அதை முழுசாக மூடிவிட்டு வரையலாம், அது மரியாதை. அடுத்தவர் படத்துக்குள் ஒரே ஒரு கோடு இழுத்தாலும் அது அவமானம். இழுத்தவனின் படத்தை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு அந்தச் சுவரில் இடமில்லை.

அப்படியே நின்று, “சிந்திடுச்சுக்கா” என்று சொல்லியிருந்தால் விபத்தோடு போயிருக்கும். என் கைக்குத்தான் ஒரு வியாதி உண்டே, பழுதைப் பார்த்தால் சொந்தக்காரர் வருவதற்குள் சரிபண்ணிவிட வேண்டும். அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். கறுப்பு வழிந்துகொண்டிருந்தது. அதே டப்பாவைத் தூக்கினேன். வழிந்ததை முதுகுக் கோடாக்கிவிடலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்து முதுகு வழியாக வால் வரைக்கும் ஒரே இழுப்பு.

“போச்சுடா,” என்றார் சலூன். பகலில் முடிவெட்டுவார், சுவரில் எழுத்து மட்டும் போடுவார். “சிந்தினதுக்கு மன்னிப்பு உண்டு தொரை. தொட்டதுக்குக் கிடையாது.”

அக்கா வந்தார். பார்த்தார். டப்பாக்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

என் யானையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வருடமாக அங்கேயே நிற்கிறது, யாரும் மூடியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சிலர் அதை டீ கெட்டில் என்று நினைக்கிறார்கள், அது வேறு விஷயம். நாளெல்லாம் ஊரார் சாமானைப் பழையபடி ஓடவைக்கிற எனக்கு, நானாகப் புதிதாக உண்டாக்கியது என்று சொல்லிக்கொள்ள அந்த நாலடிச் சுவர்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை அக்கா ஓட்டும் பேருந்தில் ஏறி, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். “அக்கா, நேத்து நடந்தது...”

அவர் திரும்பவில்லை. தலைக்கு மேலிருந்த பலகையை விரலால் காட்டினார்: ‘ஓட்டுநரிடம் பேசாதீர்.’

செவ்வாயும் அதே பலகை. புதனன்று மனைவி கேட்டாள், “தினமும் பஸ்ல எங்க போறீங்க?”

“எங்கயும் இல்ல. போய்ட்டுத் திரும்பி வரேன். ஏய், உண்மையச் சொல்லு, என் யானை எப்படி?”

“முதல்ல சாப்பிடுங்க, ஆறிடும்.”

முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் சலூனையும் கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “சைடுல இன்னும் கொஞ்சம் எடுக்கவா?” என்றார்.

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. யானை அப்படியே நின்றது. குதிரை முதுகில் என் கோடும் அப்படியே இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு வெள்ளைப் பெயிண்ட் வாளியும் ரோலருமாக வந்து, நேராக என் யானைக்கு முன்னால் நின்றார்.

“மூடுங்கக்கா, நியாயம்தான்,” என்றேன். “ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. என் யானை அவ்வளவு மோசமா?”

“மோசம்தான்.”

சலூன் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

“ஆறு வருஷமா மோசம். யாரும் மூடலன்னு பூரிச்சுப் போறியே, இத மூடிட்டு, இதவிட நல்லா வரஞ்சுட்டேன்னு எவன்யா வெளிய சொல்லிக்குவான்?”

“அப்ப எனக்கு இங்க இடமில்லீங்க.”

“நான் முடிக்கல.” ரோலரால் குதிரையைக் காட்டினார். “இந்த முதுகு எனக்கு ரெண்டு மாசமா வரல. மூணு தடவ அழிச்சேன். நீ இழுத்து வச்சிருந்ததப் பாத்ததும் அப்படியொரு கோவம். தொட்டுட்டியேன்னுதான் நெனச்சேன். வீட்டுக்குப் போய் யோசிச்சா, அது நல்லா இருக்கேன்னுதான் கோவம். நீ இந்தச் சுவத்துல போட்ட ஒரே நல்ல கோடு அதான்யா. போயும் போயும் என் குதிரை மேல.”

ரோலரை என் கையில் திணித்தார்.

“யானைய நீயே மூடு. மூடிட்டுப் புதுசா வரை. அன்னைக்கு மாதிரியே, எனக்குப் பயந்துகிட்டே வரை.”