அளவுக்கு வைத்த கை

"இது யாரு?" என்று தங்கவேல் கேட்டார்.

தம்பி சுப்புராயன் நீட்டிய செல்போனில் ஒரு பெண்ணின் முகம் இருந்தது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், இரு பக்கமும் குத்துவிளக்கு, மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நெற்றியிலிருந்து கழுத்துவரை ஒரே சீரான மாநிறம்.

"அண்ணிதாண்ணா. ஆதார் கார்டு படத்த அனுப்புனேன். ஃபிளெக்ஸ் கடை எழிலரசன் கொஞ்சம் சரி பண்ணி அனுப்பிக்கிறான்."

"இன்னாத்த சரி பண்ணான்?"

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தையலம்மாள் படுத்திருந்தாள். விடியற்காலையில் வாய் கொப்பளிக்கப் போனவள் குழாயடியில் உட்கார்ந்தாள்; அப்புறம் எழவில்லை. முகத்தில் மஞ்சளைக் கனமாகப் பூசியிருந்தார்கள். கைகளைப் புடவைக்குள் தள்ளி மூடியிருந்தார்கள்.

மகள் ஜெயசித்ரா பிறந்த மறுவருஷம், தோல் நிறம் போய் வெளுக்கும் அந்த வெள்ளைத் திட்டு அவளுக்கு உதட்டோரத்தில் தொடங்கியது. பிறகு கைகள், கழுத்து. தொற்றாது என்று ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனாலும் சுப்புராயனின் கல்யாணத்தில் போட்டோக்காரர் குடும்பத்தை வரிசையாக நிறுத்தியபோது, "நீ போயி பந்திய பாரு" என்று அவளிடம் சொன்னது வேறு யாருமில்லை, தங்கவேல்தான். குடும்ப கௌரவம் என்று நினைத்துச் சொன்னார். அதற்கப்புறம் ஆதார் கார்டுக்குத் தவிர அவள் எந்த கேமரா முன்னாலும் நிற்கவில்லை. அவர்களுடைய ஒரே கல்யாணப் படமும் 'தானே' புயலில் ஊறிப்போனது.

"அவ போன்ல ஒரு படம்கூடவா இல்ல?"

"நாலாயிரம் இருக்குதுப்பா," என்றாள் ஜெயசித்ரா. "எல்லாம் செடி."

மூன்று வருஷமாக அதுதான் தையலம்மாளின் வேலை. மகளின் பழைய போனை முந்தானையில் முடிந்துகொண்டு வாய்க்கால் ஓரம், வேலி ஓரம், கரும்புக்கொல்லை வரப்பு என்று குந்தி உட்கார்ந்து படம் எடுத்தாள். "ஊரே களை புடுங்குது, நீ போட்டா புடிக்கிற," என்று தங்கவேல் கத்தியிருக்கிறார். "புடுங்கறதுக்கு முன்ன ஒண்ணு எடுத்துக்கிறேன், வுடுங்க," என்பாள். வேலையாட்கள் சிரித்தது அவருக்குத்தான் அவமானமாக இருந்தது. அவள் அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவாள்.

மகள் படங்களைத் தள்ளிக் காட்டினாள். இலையின் முன்பக்கம், பின்பக்கம், பூ, தண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தையலம்மாளின் கை.

"எதுக்கு எல்லாத்துலயும் கைய வெச்சிக்கிறா?"

"அளவுக்குப்பா. செடி எம்மாம் பெருசுன்னு படத்துல தெரியாது. பேரு கண்டுபுடிச்சு சொல்ற குரூப்புல, பக்கத்துல கைய வெச்சு எடுங்கம்மான்னாங்க."

ஒரு படத்தில் அவர் விரல் நின்றது. அறுவடை முடிந்த நெல்வயல். ஊதா நிறத்தில் உருண்டையாக ஒரு பூ. அதன் காம்பை இரண்டு விரல்கள் பிடித்திருந்தன. விரல்கள் முழு வெள்ளை. புறங்கையில் இரண்டே இடத்தில் பழைய நிறம் மிச்சம் இருந்தது. நகத்தில் சேறு.

"இதப் போடச் சொல்லு."

சுப்புராயன் எட்டிப் பார்த்தான். "மூஞ்சி இல்லாத பேனராண்ணா?"

"அவ மூஞ்சிய வுட்டுட்டு எவ மூஞ்சியோ போடறதுக்கு இது மேல்."

"காட்டேரிக்குப்பத்துக்காரங்க மத்தியானம் வராங்க. என் புள்ளைக்கு பொண்ணு குடுக்கப் போறவங்க. அண்ணிய அவங்க பாத்ததே இல்ல. தெருமொனையிலயே இந்தக் கைய பாத்தா, இந்தக் குடும்பத்துல இருக்குதுன்னு அப்பிடியே திரும்பிடுவாங்க. அண்ணி நம்ம ரத்தம் இல்லன்னு ஒவ்வொருத்தனா நிறுத்தி சொல்ல முடியுமா? நம்ம கௌரவம் இன்னா ஆவறது?"

"இந்த வூட்டு கௌரவம் எதுன்னு இத்தினி வருசம் யாரு சொன்னது?"

"நீதாண்ணா."

"இன்னிக்கும் நான்தான் சொல்றேன்."

எழிலரசனை அவரே போனில் கூப்பிட்டார். சத்தம் கூடத்துக்கே கேட்டது.

"ஐயா, படம் வந்துச்சு. மூஞ்சி எங்கங்க?"

"கைதான்."

"வெறும் கைய போட்டா கட்சி பேனருன்னு நெனச்சிக்குவாங்கய்யா."

"நெனைக்கறவன் வந்து ஓட்டு போட்டுட்டு போவட்டும். நீ போடு."

"சரிங்கய்யா. அந்த வெள்ளையெல்லாம் எடுத்துடட்டுங்களா? ரெண்டு நிமிச வேலதான்."

"அதுல கை வெச்ச, பேனர உன் கடைவாசல்லயே கிழிச்சுப் போடுவேன். எழுதிக்க. தையலம்மாள், வயது அறுபத்தாறு. இந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள்."

"செடி பேரு போடணுமாப்பா?" என்றாள் ஜெயசித்ரா மெதுவாக.

"அவ பேரு போட்டு வெச்சிக்கிறாளா?"

"கொட்டைக்கரந்தைன்னு போட்டிருக்குது."

"அப்ப போடு."

போனை வைத்துவிட்டுப் பெட்டியருகே போனார். கண்ணாடி மூடியைத் தூக்கச் சொன்னார். புடவைக்குள்ளிருந்து அவள் கைகளை வெளியே எடுத்து மார்பின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார். ஒப்பாரி ஒரு நிமிஷம் நின்று, மறுபடி தொடங்கியது.

பகல் ஒரு மணிக்குப் பேனர் வந்தது. கிருமாம்பாக்கம் ரோட்டில் தெரு திரும்பும் இடத்தில் அதைக் கட்டினார்கள். எட்டடி உயரத்தில் அந்தக் கை நின்றது. டவுன் பஸ் ஒன்று அதைக் கடக்கையில் வேகம் குறைந்தது. ஜன்னல்களில் தலைகள் திரும்பின. தங்கவேல் பேனரின் அடியில் நிமிர்ந்து நின்றார். வீட்டு வாசலில் நிற்க வேண்டியவர், இங்கேதான் நிற்பேன் என்று சொல்லிவிட்டார். சுப்புராயன் நாலடி தள்ளி, தரையைப் பார்த்தபடி நின்றான்.

இரண்டு மணிக்குக் காட்டேரிக்குப்பத்து வேன் வந்தது. முதலில் மாலையோடு இறங்கிய பெண்ணின் அப்பா பேனரை அண்ணாந்து பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"இது யாரு கைங்க?"

"என் சம்சாரம் கை," என்றார் தங்கவேல்.

சாவுக்கு வருகிறவர்களை வா என்று சொல்வதில்லை. வீட்டு ஆண்கள் கையை நீட்டுவார்கள். வந்தவர்கள் அதைத் தொட்டுவிட்டு உள்ளே போவார்கள்.

தங்கவேல் இரண்டு கைகளையும் நீட்டினார். சுப்புராயன் வந்து பக்கத்தில் நின்றுகொண்டான். வேனிலிருந்து இன்னும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கைகளைத் தங்கவேல் இறக்கவில்லை.