ஏழாம் நம்பர் ரூமின் மெயின்டனன்ஸ்

மலைமேல் நாயுடுபுரத்தில் பரமானந்தம் சார் நடத்தும் காட்டேஜில் எது கெட்டாலும் ஒரே வைத்தியம்தான். ‘மெயின்டனன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைக் கதவில் மாட்டிவிடுவார். பூட்டிய கதவுக்குள் கோளாறு தன்னாலேயே சரியாகிவிடும் என்று நினைப்போ என்னவோ! சீசன் வந்தால் அட்டை இறங்கும், ஆள் ஏறும்.

ரூம் கூட்டித் துடைக்கும் ரெஜினாவுக்கு அந்த அட்டையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். போன மாதம் ஏழாம் நம்பர் குளியலறையில் குழாயைத் திருகியபோது, கீசரிலிருந்து கரண்ட் பாய்ந்து அவளைச் சுவரோடு அடித்தது. வலது கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறாள். “மெயின்டனன்ஸ் போட்டாச்சும்மா” என்றார் சார். ரிப்பேருக்கு ஆள் சொல்லிவிட்டார் என்று அவளும் நம்பினாள், மடச்சி. ஒரு மாதமாக எலக்ட்ரீசியன் என்று ஒரு மனிதன் அந்த வாசலை மிதிக்கவில்லை.

மே மாதம் முதல் சனிக்கிழமை. காலையில் வந்து பார்த்தால் அட்டையைக் காணோம். மதுரையிலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும் பெட்டியோடு உள்ளே நுழைகிறார்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் பத்து மாதக் குழந்தை, மலைப்பாதையில் வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தது.

“அக்கா, பாப்பாவக் குளிப்பாட்டணும். வெந்நி வருமா?”

ரெஜினா பின்னாலேயே வந்த சாரிடம் திரும்பினாள். “சார், கீசரப் பாத்தாச்சுங்களா?”

“மெயின்டனன்ஸ்லாம் முடிஞ்சிருச்சு. நீ ஒஞ்சோலியப் பாரு.”

“யாரு வந்து முடிச்சா? வெள்ளனேருந்து பொழுது சாயுற வரைக்கும் நாந்தான இங்க கெடக்கேன்!”

“ஏம்மா, வேல வேணுமா, வேண்டாமா?”

“வேணுங்க சார். அதுக்காக இந்தப் பச்சப்புள்ளையச் சாகக் குடுக்கணுமா? நாளைக்கு ஞாயித்துக்கிழம, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாதா கோயில்ல முழங்கால் போடுவீங்க?”

விறுவிறுவென்று குளியலறைக்குப் போய்க் கீசர் சுவிட்சைப் போட்டாள். ஒதுங்கி நின்றாள்.

“வாங்க சார். நல்லாத்தான இருக்கு? குழாயத் தொறந்து நீங்க மொதல்ல கைய நனைங்க. பாப்பாவ நானே குளிப்பாட்டித் தாரேன்.”

“தொறங்க சார்” என்றான் குழந்தையின் அப்பன்.

பரமானந்தம் குழாயைப் பார்த்தார். கை பாதி தூரம் போனது. பிறகு ஸ்வெட்டர் பைக்குள் புகுந்துகொண்டது. “இப்ப வோல்டேஜ் சரியில்ல...” என்று இழுத்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

அந்தப் பெண் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷனும் போனான்.

“சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு” என்று பல்லைக் கடித்தார் சார்.

ரெஜினா இடது கையால் சாவிக்கொத்தை உருவி அவர் முன்னால் போட்டாள்.

“ஒங்க கை மட்டும் கையி, எங்கை என்ன வெளக்குமாத்துக் கட்டையா சார்?”